வண்டி நிறுத்துமிடம்

எட்டு வருஷம்
பவாயில் அந்தப் பெரிய சபையின் வாசலில்
ஒளிரும் பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு
கார்களுக்குக் கை காட்டினேன்.
பின்னால், இன்னும் பின்னால், போதும்.
ஞாயிறுதோறும் நான் சொன்ன ஜெபம் அதுதான்.

முகங்கள் தெரியாது, எண்கள் தெரியும்.
4471 சீக்கிரம் வரும், நிழல் கேட்கும்.
0932-இன் பின்சீட்டில் எப்போதும் ஒரு பிள்ளை தூங்கும்.
7718 இரண்டு மாதம் வரவில்லை.
உள்ளே சொல்லவேண்டும் என்று நினைத்து
யாரிடம் என்று தெரியாமல் விட்டேன்.
மூன்றாம் மாதம் வந்தது.
ஓட்டி வந்தது மகன்,
அப்பாவின் கண்ணாடி இன்னும் டாஷ்போர்டில் இருந்தது.
அதையும்
பின்னால், இன்னும் பின்னால், போதும் என்று
சுவரோரம் நிறுத்தினேன்.

பிரசங்கம் எனக்குக்
கண்ணாடிக் கதவு திறந்து மூடும் இடைவெளியில்
துண்டு துண்டாய் வரும்.
"அதனால்தான், பிரியமானவர்களே"
கதவு மூடிவிடும்.
எதனால் என்று இன்றுவரை தெரியாது.

குறை சொல்ல இதை எழுதவில்லை.
கிறிஸ்துமஸ் இரவில் மூவாயிரம் பேர்
ஒன்றாய் மூச்சிழுத்துப் பாடும்போது
வரிசையில் நிற்கும் வண்டிகள் லேசாய் அதிரும்.
சூடு ஆறாத பானெட்டில் உள்ளங்கை வைத்து
பாட்டை நான் தொட்டிருக்கிறேன்.
அது இனிக் கிடைக்காது.

சுன்னாபட்டிக்கு முதலில் போனது
கூட வேலை பார்க்கும் எப்சிபா
மகனுக்குப் பெயர் வைத்த மழைநாளில்.
ஹார்பர் லைன் தண்டவாளத்தை ஒட்டி
இஸ்திரிக் கடைக்கு மேலே ஓர் அறை,
ஏணி போல இரும்புப் படி,
பிளாஸ்டிக் நாற்காலி இருபத்தைந்து,
இரண்டுக்குக் கால் சரியில்லை.
போதகர் இஸ்ரவேல் மற்ற ஆறு நாளும்
கரப்பான் மருந்தடிக்கும் கம்பெனியில் கணக்கெழுதுகிறவர்.
பன்வெல் லோக்கல் வந்தால்
ஜெபத்தை நடுவிலேயே நிறுத்துவார்.

"ஆண்டவரே, ரோசம்மாளின் இடது முழங்காலை"

பன்னிரண்டு பெட்டியும் தடதடத்துப் போகும்.
மூடிய கண்கள் மூடியபடி.
ஜன்னல் கம்பி நடுங்கி அடங்கியபின்

"நினைத்தருளும்."

வாசலில் வேதமாணிக்கம் அண்ணன்
பள்ளிக்கூட நோட்டில் தலை எண்ணுவார்.
அன்று பதினெட்டு என்று எழுதிவிட்டார்.
என்னைப் பார்த்தார், அடித்தார்,
பத்தொன்பது என்று எழுதினார்.
என் கைகளுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.
மடியில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.
முதன்முறையாக ஒரு பிரசங்கத்தை
முடிவுவரை கேட்டேன்.
சுமாராகத்தான் இருந்தது.

மூன்றாம் வாரம் டீ ஊற்றிக்கொண்டே
ரோசம்மாள் கேட்டாள்:
"வீட்டுக்காரி ஏன் நாசிக்கில் இருக்கா?"

எட்டு வருஷம் பவாயில் யாரும் கேட்காத கேள்வி.
யாரும் கேட்கமாட்டார்கள் என்பதற்காகவே
எட்டு வருஷம் அங்கே நின்றிருக்கிறேன்
என்று அந்த டீ ஆறுவதற்குள் புரிந்தது.

அடுத்த ஞாயிறு போகவில்லை.
குர்லா பிளாட்பாரத்தில் உட்கார்ந்து
வடாபாவ் தின்றேன், நாலு வண்டியை விட்டேன்.
பதினொன்றரைக்கு போன் வந்தது.
வேதமாணிக்கம் அண்ணன்.
எங்கே, ஏன் என்று ஒன்றும் இல்லை.
"தம்பி, பென்சிலில்தான் எழுதியிருக்கேன்.
பதினெட்டா, பத்தொன்பதா?"

பின்னால் அறிவிப்பு மராத்தியில் ஓடியது.
பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

இரும்புப் படியில் கால் வைக்கும்போது
நான் இறங்கிய வண்டியே
ஜன்னலை ஆட்டிக்கொண்டு கிளம்பியது.
உள்ளே ஜெபம் பாதியில் நின்றிருந்தது.
அந்தச் சத்தத்துக்குள் நுழைந்தேன்,
யாருக்கும் கேட்கவில்லை.
கண்ணை ஒன்றரையாய்த் திறந்து பார்த்த ஒரு சிறுமி
தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.
என் கை தானாக எழுந்தது:
பின்னால், இன்னும் பின்னால்.

ரோசம்மாளுக்கு
இன்னும் பதில் சொல்லவில்லை.
அவள் கேட்பதையும்
இன்னும் விடவில்லை.